எல்லையோர இயற்கை விளக்க மையத்துக்கு ஆள் எடுப்பது: ஏழு பேரில் யார் யார்?

தூவானம் (இழை தொடங்கியவர்)

பொள்ளாச்சி – பாலக்காடு எல்லையில், காட்டை ஒட்டின பட்டா நிலத்தில் ஒரு சின்ன இயற்கை விளக்க மையம் வருகிறது. காட்சிக்கூடம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் உட்கார ஒரு கொட்டகை, 2 கி.மீ. நடைபாதை. பாதையின் பின்பாதி காப்புக்காட்டுக்குள் போகிறது. அதற்கு வனத்துறை அனுமதி உண்டு, நிபந்தனைகளும் உண்டு. ஏழு பேருக்குத்தான் சம்பளம் தர முடியும். இப்போதைய கணக்கு: விலங்கியல் எம்.எஸ்சி. மூன்று பேர், வழிகாட்டி இரண்டு, டிக்கெட்டுக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர். சனி, ஞாயிறு 60, 70 பேர் வரலாம். பாதி தமிழ், பாதி மலையாளம். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சேத்துமடை செக்போஸ்ட்

ஓட்டை கணக்கோட தலையிலயே இருக்குதுங்க. மூணு எம்.எஸ்சி. எதுக்கு? ஒருத்தர் போதும். மிச்ச சம்பளத்தைக் காட்டுக்குள்ள நடக்கறவங்களுக்குப் போடுங்க.

நடைக்கு எப்பவும் ரெண்டு ஆள். ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் வாலுக்கு. நடுவுல ஆறு பேர், மிஞ்சினா எட்டு. முன்னாடி போறவர் பேசுவார், காட்டுவார். வாலுக்கு வர்றவர் வாயே திறக்கக் கூடாது, அவரோட வேலை வேற. போட்டோ எடுக்க நிக்கறவரை விட்டுட்டுப் போகாம பாத்துக்கணும், காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும், பின்னாடி மூங்கில் முறியற சத்தம் கேட்டா முன்னாடி இருக்கறவருக்கு ஒரு சீழ்க்கையில சொல்லணும். ஒத்தை ஆள் நடத்துற நடையில இது மூணும் நடக்காது. பேசிட்டே காது கொடுக்க யாராலயும் முடியாதுங்க.

இப்பக் கணக்குப் போடுங்க. ஒரு நடை ரெண்டு மணி நேரம். காலைல 6.30க்கு ஒண்ணு, 8.45க்கு ஒண்ணு, சாயங்காலம் 3.30க்கு ஒண்ணு. நடுப்பகல்ல கூட்டிட்டுப் போனா வேர்வைதான் மிச்சம். ஒரு ஜோடிக்கு நாளைக்கு 18 பேர். ரெண்டு ஜோடி இருந்தா 36. எழுபது பேர் வந்தா பாதிப் பேருக்கு நடையே கிடையாது, கூடம் மட்டும்தான். இதை டிக்கெட் கொடுக்கறப்பவே சொல்லிடணும். உள்ள விட்டுட்டு அப்புறம் இல்லைன்னா சண்டைதான்.

தூவானம்

அப்படியென்றால் நடக்க நான்கு பேர். அவர்களை எங்கே தேடுவது? விளம்பரம் போட்டால் பட்டதாரிகள்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

குமுளி வளைவு

விளம்பரத்துல கிடைக்க மாட்டாங்க. பதியில, அதாவது பழங்குடி ஊர்ல போய்க் கேக்கணும். ஆனைமலைப் பக்கம் காடர், மலசர், மலைமலசர், முதுவர், இரவாளர், புலையர்னு ஆறு சமூகத்து ஆளுக இருக்காங்க. ஊர் மூப்பன்கிட்டப் பேசி, ஒரே வீட்டுல ரெண்டு பேரை எடுக்காம, வேற வேற பதியில இருந்து எடுங்க. ஒரு பதியில விசேஷம்னா மையத்தையே பூட்டுற நிலைமை வராது.

தேக்கடியில நடந்தது தெரிஞ்சிருக்கும். வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரிச்சுக் கடத்தினவங்களையே 1990களோட கடைசியில ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கி, வழிகாட்டியாவும் ரோந்துக்காரராவும் ஆக்கினாங்க. எந்தத் தடத்துல ஆள் நுழைவான், எங்க ஒளிவான்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்குத் தெரியும்? அதே தேக்கடி இருக்கற பெரியாறு காப்பகத்துல பொம்பளைங்க ரோந்துக் குழு ‘வசந்த சேனை’ இன்னொரு உதாரணம். நாலு பேரையும் ஆம்பளையா எடுத்துடாதீங்க. பொம்பளப் பிள்ளைங்க பஸ் வந்தா அப்பத் தெரியும் கஷ்டம்.

ஆனா ஒண்ணு. காடு தெரிஞ்சவருக்குக் கூட்டத்துக்கு முன்னாடி பேச வரும்னு நினைக்காதீங்க. முதல் ரெண்டு மாசம் வாலுக்கு மட்டும் விடுங்க. அப்புறம் ஒரு நடைக்கு மூணே மூணு இடத்துல நின்னு பேசப் பழக்குங்க. ஒவ்வொரு இடத்துலயும் தொட்டுக் காட்ட ஒரு பொருள் வேணும்: கடமான் உரசின மரம், யானை உரிச்ச பட்டை, கரையான் புத்தை கரடி தோண்டின குழி. மனப்பாடம் பண்ணின வாசகத்தைக் கொடுத்துடாதீங்க, ஒப்பிக்கிற குரல் வந்துரும். பொருளைக் காட்டச் சொன்னா அவங்களாவே பேசுவாங்க.

பாறைமேட்டுக் கௌதாரி

காலை நடைக்கு முன்னால ஒரு வெறும் நடை இருக்கு, அதை யாரும் சொல்லலை. 5.45க்கு ரெண்டு பேர் பாதை முழுக்கப் போய்ட்டு வரணும். என்ன பாக்கணும்னா லத்தி, யானைச் சாணம். உடைச்சா உள்ள சூடு இருக்கா, மேல ஈரப் பளபளப்பு இருக்கா, வண்டு ஏறியிருக்கா. சூடு இருந்து வண்டு இல்லைன்னா பக்கத்துலதான் நிக்குது, அன்னைக்குப் பின்பாதி பாதையை மூடிடுங்க. அனுமதி நிபந்தனையில இருக்கோ இல்லையோ, மூடுங்க.

காத்துக்கு ஒரு சாம்பல் முடிச்சு. மெல்லிசு வேட்டித்துணியில சலிச்ச அடுப்புச் சாம்பல் ஒரு பிடி, இடுப்புல தொங்கட்டும். தட்டினா புகை மாதிரி கிளம்பும். அது போற பக்கம்தான் உங்க வாடை போகுது. யானைக்குக் கண்ணு சுமார், மூக்குதான் எல்லாம். சாம்பல் அது நிக்கிற பக்கம் போச்சுன்னா திரும்பிடணும், யோசனையே வேண்டாம். சென்ட் அடிச்சுட்டு வர்றவங்களை டிக்கெட் கவுண்டர்லயே மடக்கிடுங்க.

இன்னொரு சாமான்: 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட ரெண்டு மீட்டர் கயிறு. யானையோட முன்னங்கால் தடத்தைச் சுத்தி வச்சு அளந்து, ரெண்டால பெருக்கினா தோள் உயரம், கிட்டத்தட்ட. தடம் 1.25 மீட்டர்னா யானை 2.5 மீட்டர். பின்னங்கால் தடம் நீளவாட்டா இருக்கும், அதை அளந்தா தப்பாப் போயிடும். பிள்ளைங்ககிட்டக் கயித்தைக் கொடுத்து அளக்கச் சொன்னா நீங்க வாயே திறக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

பாதி மலையாளம் என்றீர்களே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பார்வைப் பதிவேட்டில் பெயர் எழுதும் முறையை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள்.

தமிழில் புலி என்றால் புலி. மலையாளத்தில் ‘புலி’ என்றால் பெரும்பாலும் சிறுத்தை. நம் புலிக்கு அங்கே ‘கடுவா’. பாலக்காட்டுக்காரர் “ஒரு புலியெ கண்டு” என்று சொல்லிவிட்டுப் போவார், தமிழ்ப் பையன் பதிவேட்டில் புலி என்று எழுதுவான், மறுநாள் ஊரெல்லாம் புலி. செந்நாய் இதைவிட மோசம். நமக்குச் செந்நாய் கூட்டமாக வேட்டையாடும் சிவப்புக் காட்டுநாய். மலையாளத்தில் ‘சென்னாய’ என்பது ஓநாய். நம் செந்நாய்க்கு அவர்கள் சொல்வது ‘காட்டுநாய’. கடமானுக்கு ‘ம்லாவு’, கருமந்திக்குக் ‘கரிங்குரங்கு’, இருவாச்சிக்கு ‘வேழாம்பல்’: இவையெல்லாம் குழப்பாது, தெரிந்துகொண்டால் போதும். காட்டெருமை, காட்டுபோத்து என்று இரண்டு மொழியும் சேர்ந்து தப்பாகச் சொல்கிற விலங்கு ஒன்று உண்டு. அது எருமை இனமே இல்லை, மாட்டினம். காட்டுமாடு என்று எழுதப் பழக்குங்கள்.

பாம்புப் பெயர்களை மட்டும் ஒரு அட்டையில் இரண்டு மொழியிலும் எழுதிக் கவுண்டரில் மாட்டுங்கள். நல்லபாம்பு – மூர்க்கன். கட்டுவிரியன் – வெள்ளிக்கெட்டன், சங்குவரையன் என்றும் சொல்வார்கள். கண்ணாடி விரியன் – அணலி, சேனைத்தண்டன். சாரை – சேர. கடைசியில் உள்ளதற்கு விஷம் இல்லை; ஆனால் பதற்றத்தில் வருகிறவர் சொல்லும் பெயர் புரியாவிட்டால் பத்து நிமிடம் வீணாகும்.

தூவானம்

பாம்பு என்றதும் அடுத்த கேள்வி. பணியாளர்களுக்கு முதலுதவியில் என்ன சொல்லித்தர வேண்டும்? ஒரு நாள் பயிற்சி போதுமா?

கம்பம் வார்டு 6

பாம்புக்கடிக்குக் கத்துக்கொடுக்கறதுல பாதி, செய்யக் கூடாததுதான். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பச்சிலை தேடி ஓடக் கூடாது, பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரவும் கூடாது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உக்கார வைங்க, நடக்க விடாதீங்க. மோதிரம், கொலுசு, வளையல் கழட்டுங்க, வீங்கினா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். கடிபட்ட கை காலை ரெண்டு மூங்கில் பட்டைக்கு நடுவுல வச்சு, எலும்பு முறிவுக்குக் கட்டுற மாதிரி தளர்வாக் கட்டுங்க. விரல் நுனி ரத்தம் ஓடணும். கடிச்ச நேரத்தைப் பேனாவால கையிலயே எழுதுங்க. வாந்தி வந்தா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தூக்கிட்டுப் போக ஸ்ட்ரெச்சர் வேணும். ரெண்டு மூங்கில் கம்பு, ஒரு தார்ப்பாய், பாதையோட நடுவுல ஒரு பெட்டியில இருக்கட்டும். கூடத்துல வச்சா 1 கி.மீ. போய் எடுத்துட்டு வரணும்.

நம்ம ஆஸ்பத்திரியில இருக்கற எதிர்மருந்து நாலு பாம்புக்குத்தான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலைக்காட்டுல, ஏலக்காய் காப்பித் தோட்டத்துல சருகுக்குள்ள கிடக்கும் மூக்கு தூக்கின சின்னக் குழிவிரியன், கேரளத்துல முழமூக்கன்னு சொல்றது, இந்த நாலுல வராது. கடி சின்னதுன்னு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. சிலருக்கு ரத்தம் உறையறதுல கோளாறு வரும், சிறுநீரகம் பாதிக்கும், நாள் கழிச்சும் தெரிய வரலாம். டயாலிசிஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரி எதுன்னு முன்கூட்டியே குறிச்சு வைங்க.

108ஐ நம்பி உக்காராதீங்க. எல்லையில எந்த மாநில டவர் பிடிக்குதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போயிடலாம். எந்த ஊர், எந்த மாவட்டம், எந்த ரோடுங்கிற மூணையும் முதல்ல சொல்லப் பழக்குங்க. மையத்து வண்டி எப்பவும் மூக்கு வெளியே பாத்து நிக்கணும்.

பணியாளர் தங்குற அறைக்கும் ஒரு வார்த்தை. கட்டுவிரியன் ராத்திரியில வரும், தரையில படுத்தவரைக் கடிக்கும், வலியே தெரியாது. விடிஞ்சு கண்ணிமை தூக்க முடியாமப் போனாத்தான் தெரியும். கட்டில், கொசுவலை, வலையை மெத்தைக்குக் கீழ செருகறது. இது மூணும் சம்பளத்தோட சேர்த்துக் கொடுக்க வேண்டியது. ஒரு நாள் பயிற்சி போதும், ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்ட்ரெச்சர்ல ஆளை வச்சு நிஜமாவே தூக்கிப் பாக்கணும்.

அலமாரிப் பல்லி

எல்லாரும் காட்டுக்குள்ளயே நிக்கிறீங்க. கூடத்தை யார் பாத்துப்பாங்க? டிக்கெட் கொடுக்கறவரையே கூடத்துக்கும் பொறுப்பாக்குங்க, ஆனா அதுக்கான நேரம் கொடுங்க: மதியம் 12லிருந்து 2 வரை டிக்கெட் மூடணும்.

ஆடி மழைல முதல்ல போறது பைனாகுலர். கண்ணாடிக்குள்ள சிலந்திக்கூடு மாதிரி பூஞ்சை படரும், படர்ந்தா கண்ணாடி மேல பூசியிருக்கற படலத்தையும் அரிச்சுடும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். ஈரப்பதமானி முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவுல நிக்கணும். ஜெல் நிறம் மாறினா வாணலியில சிறுதீயில கிளறி, பழைய நிறம் வந்ததும் சூடா இருக்கும்போதே டப்பாவுல போட்டு மூடணும். ஆறவிட்டா திரும்ப ஈரம் குடிச்சுடும். நனைஞ்ச பைனாகுலரை அப்படியே டப்பாவுல பூட்டுறதுதான் எல்லா இடத்துலயும் நடக்கற தப்பு. முதல்ல ஒரு ராத்திரி ஃபேன் காத்துல இருக்கட்டும். வாங்கறதா இருந்தா 8×42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) வாங்குங்க. 10×50 கனம், கை நடுங்கும், மரநிழல்ல குருவியைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள பறந்துடும். கண்ணாடி போட்டவங்களுக்குக் கண்குழல் ரப்பரை உள்ள தள்ளிக் கொடுக்கணும். பாதிப் பேர் “ஒண்ணும் தெரியலை”ன்னு திருப்பிக் கொடுக்கறது அதனாலதான்.

பாதத்தடம் வார்க்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைப்பீங்க. தூள் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. தண்ணியில தூளைத் தூவணும், தூள் மேல தண்ணி ஊத்தினா கட்டி கட்டும். தடத்தைச் சுத்தி 5 செ.மீ. உயரத்துக்கு அட்டை வளையம், ஓரமா ஊத்துங்க, நடுவுல ஊத்தினா தடம் கரையும். அரை மணி நேரத்துல எடுக்கலாம். இறுகவே இல்லைன்னா தூள் பழசு, மழைக்காலத்துல ஈரம் குடிச்சிருக்கும். ஒரு கிலோ பையாவே வாங்குங்க, மூட்டை வேண்டாம்.

விலங்கோட எச்சம் (சாணம்) காட்சிக்கு வைக்கறவங்க கையுறையும் முகக்கவசமும் இல்லாமத் தொடக் கூடாது, மாமிசம் தின்னற விலங்கோட எச்சத்துல புழு முட்டை இருக்கும். நல்லாக் காயவச்சு மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைங்க.

தமிழ்வழி விலங்கியல்

ஒரு எம்.எஸ்சி. போதும் என்பதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். அந்த ஒருவர் என்ன செய்வார் என்று எழுதி வைக்காவிட்டால் அவரையும் டிக்கெட் கிழிக்க வைத்துவிடுவீர்கள். பதிவேட்டைச் சரிபார்ப்பது, மாதத்துக்கு இரண்டு முறை ஒரே பாதையில் ஒரே நேரத்தில் பறவைக் கணக்கு, பள்ளிப் பாடத்தோடு நடையைப் பொருத்துவது எல்லாம் அவருடையது. காகிதமும் அவருடையதுதான். பாதையில் கிடந்த கடமான் கொம்பை யாராவது எடுத்து வந்து கூடத்தில் மாட்டினால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். தானாக உதிர்ந்த கொம்பு என்று சொல்லித் தப்ப முடியாது. வனத்துறை எழுத்தில் கொடுத்த பொருள் மட்டும், அந்தக் கடிதத்தின் எண் பின்பக்கத்தில்.

மார்கழி, தை வாக்கில் இருவாச்சி கூடடைய ஆரம்பிக்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், இரை கொண்டுவருவது ஆண் ஒன்றுதான். கீழே கூட்டம் நின்றால் அது பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே பட்டினி. வழிகாட்டிக்குப் பெருமை தரும் காட்சி என்பதால் அவரே அழைத்துப் போக நினைப்பார். கூட்டு மரத்தைப் பாதையிலிருந்து நீக்குவது எம்.எஸ்சி. ஆளின் வேலை. கேரளத்து வாழச்சால் காட்டில் காடர்களே கூட்டுக் காவலர்களாக இருந்து கண்காணிக்கிறார்கள். உங்கள் நால்வரில் ஒருவருக்கு அங்கே ஒரு வாரம் பழகக் கிடைத்தால் நல்லது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

பள்ளி வருகைக்கு: 40 பிள்ளைகளை ஒன்றாக நடக்க விடாதீர்கள். பத்துப் பத்தாக நான்கு குழு, நான்கு இடம், இடத்துக்கு 25 நிமிடம், சுற்றி வரட்டும். பஸ் வந்ததும் முதல் வேலை கழிவறை. இரண்டு கழிவறை இருந்து 20 பெண்பிள்ளைகள் நின்றால் இருபது நிமிடம் போய்விடும். அதை நேர அட்டவணையில் எழுதாத மையம் கடைசி இடத்தை எப்போதும் வெட்டுகிறது.

சேத்துமடை செக்போஸ்ட்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேனுங்க. மாசி, பங்குனியில தீக்காலம்னு பாதையை மூடச் சொல்லுவாங்க. ஆனி, ஆடியில மழை. ரெண்டும் சேர்ந்தா நாலு மாசம் நடை இல்லை. அந்த நாலு மாசம் தினக்கூலி இல்லைன்னு சொன்னா, அந்த நாலு பேரும் தோட்ட வேலைக்கோ கேரளத்துக் கட்டட வேலைக்கோ போயிடுவாங்க, திரும்ப வர மாட்டாங்க. அடுத்த வருஷம் முதல்ல இருந்து பழக்கணும். பன்னெண்டு மாசச் சம்பளத்தை முதல்லயே ஒதுக்குங்க.

வேலை இல்லாம இல்லை. உண்ணிச்செடின்னு (லாண்டானா) ஒரு களை, மலையாளத்துக்காரங்க கொங்கிணிங்கறாங்க, அதை எடுக்கற வேலை ஒண்ணே போதும். மேல வெட்டினா நாலு மடங்கா தழைக்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டும் வேரும் சேர்ற கழுத்துக்குக் கீழ, ரெண்டு மூணு விரற்கடை ஆழத்துல ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாக் கவுத்து வைக்கணும். வேர் மண்ணுல படக் கூடாது. காய் வர்றதுக்கு முன்னாடி செய்யணும், இல்லைன்னா குருவி விதையைப் பரப்பிடும். எடுத்த இடத்தை வெறுமனே விட்டா திரும்ப அதுவேதான் வரும். நாட்டுப் புல் விதைச்சு விடுங்க.

தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாம சருகு புல்லை வழிச்சு எடுத்த பட்டை, தை முடியறதுக்குள்ள வனத்துறை ஆளுங்களோட சேர்ந்து முடியணும். 2018 மார்ச் 11 தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல செத்தது இதே மாதிரி எல்லை மலைதான். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு விதிமுறை வந்துச்சு. மேட்டுப்பக்கம் தீ வேகமா ஏறும். மேல ஓடக் கூடாது, வெறும் பாறைக்கோ ஏற்கனவே எரிஞ்சு ஆறின இடத்துக்கோ போகணும். பாதையில அப்படி ஒதுங்கற பாறை எதுன்னு நாலு பேருக்கும் கண்ணைக் கட்டினாலும் தெரியணும்.

மழைக்கு முன்னாடி பாதைக்குக் குறுக்க, சாய்வா, கல் வரிசை பதிங்க. நேர் குறுக்கா வச்சா மண் சேர்ந்து மேல வழியும். சாய்வா வச்சாத்தான் தண்ணி ஓரமாப் போகும்.

தூவானம்

புதுக் கணக்கு: நடக்க நான்கு பேர் (இரண்டு பெண்கள்), எம்.எஸ்சி. ஒருவர், டிக்கெட்டும் கூடமும் ஒருவர், துப்புரவு ஒருவர். செவ்வாய் விடுமுறை. 12 மாதச் சம்பளம். எதையாவது விட்டுவிட்டேனா?

பாறைமேட்டுக் கௌதாரி

நடக்கற நாலு பேருக்கு மத்த லீவை மாத்தி மாத்திக் கொடுங்க, சனி ஞாயிறு மட்டும் நாலு பேரும் இருக்கணும். யாருக்காவது காய்ச்சல்னா அன்னைக்கு ஒரு ஜோடிதான், டிக்கெட் 18தான். மூணு பேரை வச்சு ரெண்டு குழு விடாதீங்க.

அலமாரிப் பல்லி

துப்புரவுக்காரருக்கு, அட்டைப்பூச்சி ஏறாம நடைக்கு வர்றவங்க மாட்டற காலுறையைத் துவைக்கற வேலையும் சேருமே, அதைக் கணக்குல எடுத்தீங்களா? நடை இருக்கற மழை நாள்ல, ஒரு வழிகாட்டி ஜோடி மட்டும் நடத்தினாலே 18 ஜோடி காலுறை நனைஞ்சு வரும். நெருக்கமா நெய்த காடாத்துணி, முழங்கால் வரைக்கும், நாடா கட்டறது. தையல்காரர்கிட்டக் கொடுத்தா தைச்சுக் கொடுப்பார். மூணு அளவுல 60 ஜோடி வேணும், ஏன்னா அந்த ஈரத்துல ஒரு ஜோடி காய ரெண்டு நாள் ஆகும். சோப்புத் தண்ணியில அலசி உள்பக்கத்தைத் திருப்பி உதறணும், மடிப்புல அட்டை ஒட்டிட்டே இருக்கும். அடுப்படிக்கு மேல ஒரு கொடி கட்டிக் கொடுங்க. அவருக்கும் கையுறை வாங்குங்க.